போன் அடித்தால் பசிக்கும் கப்பித்தான்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கையருக்கு,

வந்து அரை மணித்தியாலம் பேசுங்கள் என்று டொக்ரர் என்னைக் கூப்பிட்டார். எனக்கு ஆட்களுக்கு முன்னால் பேச்சு வராது. இந்தச் சிகிச்சை நிலையத்தில் வேலை செய்த காலம் முழுவதும் நாய், பூனை, ஆட்டுக்குட்டிகளோடு நன்றாகக் கதைப்பேன். அவற்றைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வாய் திறந்தால் நான் தரையைப் பார்ப்பேன். முழங்கால் வருத்தத்தால் நேரத்தோடேயே ஓய்வு எடுத்துவிட்ட பிறகா மேடை ஏறப்போகிறேன்? "பேச்சு வராது டொக்ரர், எழுதித் தாறன்" என்று சொல்லிவிட்டேன். பத்தாம் வகுப்புப் படிப்புக்கு ஏற்றபடிதான் எழுத்து இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

குட்டியைப் பிடிக்கவும், தராசில் வைத்து நிறுக்கவும், கூடு கழுவவும் நீங்கள் கெதியில் பழகிவிடுவீர்கள். கடித்தால் கை தானாகவே பழகும். அதைப் பற்றி எழுதப் போவதில்லை. பூனைக்குட்டிக்கு எவ்வளவு சாப்பாடு கொடுப்பது என்ற ஒரேயொரு கேள்வியைப் பற்றித்தான் எழுதுகிறேன். இங்கே வருகிறவர்கள் அதிகம் கேட்பதும் அதுதான், எங்களை அதிகம் அலைக்கழித்ததும் அதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இங்கே மூத்த உதவியாளராக இருந்தவர் ஒரு பெரிய உடம்புக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் நிற்பவர். நாய்க்கு நகம் வெட்டும்போதும் ஞானப்பாட்டுத்தான் பாடுவார். எந்த மூர்க்கமான நாயும் இரண்டாவது சரணத்தில் அடங்கிவிடும். குட்டிகளின் சாப்பாட்டுக்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது.

"விலா எலும்பு கைக்குத் தெரியவேணும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. கண்ணுக்குத் தெரிஞ்சா வீட்டிலை பட்டினி. கைக்கே தெரியாட்டி வீட்டிலை கலியாணம்."

ஒருமுறை தொண்டைமானாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வளர்த்தி இல்லாத பூனைக்குட்டி ஒன்றைக் கொண்டு வந்தார்கள். கோயில் திருவிழாக் காலம். விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, பாற்சோறும் பருப்பும் என்றார்கள்.

"மீன் ஒண்டும் குடுக்கிறேல்லையோ?"

தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "கொடியேறின நாள் தொடக்கம் எங்கடை வீட்டிலை ஒருத்தரும் மச்சம் தொடேல்லை. உந்தப் பூனையார் மட்டும் என்ன, பெரிய ஆளோ?"

நான் தரையைப் பார்த்தேன். மூத்த உதவியாளர் சிரிக்காமல் சொன்னார்: "உங்கடை விரதம் நல்ல விரதம் அம்மா. நீங்கள் நேத்திக்கடன் வைச்சிருக்கிறியள். உவர் நேத்தி ஒண்டும் வைக்கேல்லையே."

மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு தாயும் சிரித்தார். திருவிழா முடியும்வரை பக்கத்து வீட்டில் மீன் அவித்து வேலிக்கு அந்தப் பக்கமே வைத்துக் குட்டியைச் சாப்பிட விடுவதென்று முடிவாயிற்று. விரதம் முறியவில்லை, குட்டியும் கொழுத்தது. வீட்டு வழக்கத்தோடு மோதாமல் அதற்குள்ளேயே குட்டிக்கு ஒரு வழி தேடவேண்டும் என்று அன்று எனக்குப் பட்டது. அது எவ்வளவு பெரிய பாடம் என்று கப்பித்தான் வந்த பிறகுதான் விளங்கியது.

கப்பித்தான் ஒரு பூனைக்குட்டி. மண்ணிறமும் வெள்ளையும். அதை வளர்த்தவர் வல்வெட்டித்துறைக்காரர், வெளிநாட்டுக் கப்பல்களில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். மூத்த மகன் கனடா, மகள் அவுஸ்திரேலியா, இளைய மகன் லண்டன்.

ஏன் இந்தப் பெயர் என்று பதிவு செய்யும்போது கேட்டேன்.

"வாழ்நாள் முழுக்கக் கப்பல் ஓட்டுற கப்பித்தான்மாருக்குத்தான் சோறு போட்டனான் தங்கச்சி. இப்ப மட்டும் பழக்கத்தை மாத்தலாமோ?"

நல்ல பகிடிக்காரர். ஆனால் பூனையைத் தவிர வேறு எதைப் பற்றிக் கேட்டாலும் ஒரு சொல்லில் பதில் சொல்வார். நானும் அப்படித்தான் என்பதால் எங்கள் இருவருக்கும் நன்றாகப் பொருந்தியது.

குட்டியின் வருத்தம் வயிற்றோட்டம். வயிறு மேளம் போல உப்பியிருக்கும், மேலே முதுகும் விலாவும் கூர்மையாகத் தெரியும். மூத்த உதவியாளரின் கணக்கு இந்தக் குட்டியில் பிழைத்துப்போயிற்று. விலாவைப் பார்த்தால் பட்டினி, வயிற்றைப் பார்த்தால் கலியாணம். டொக்ரர் முதலில் பூச்சி என்று மருந்து கொடுத்தார். பூச்சி போய்விட்டது, ஓட்டம் போகவில்லை. பால்மாவை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார். கொஞ்சம் குறைந்தது, பிறகு திரும்பவும் தொடங்கியது.

"அண்ணை, எவ்வளவு சாப்பாடு குடுக்கிறனீங்கள்?"

"துளிதான். இந்தா, ரெண்டு விரலாலை கிள்ளி. அவிச்ச சூடை மீனும் ரெண்டு பருக்கை சோறும். நான் சமையல்காரன், எனக்கு அளவு தெரியாதோ?"

விரலால் காட்டிய அளவு சரியான அளவுதான். பொய் சொல்கிற மனிதரும் இல்லை. அளவாகக் கொடுங்கள் என்று திரும்பவும் சொன்னோம், அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஒரு நாள் காலை ஓட்டோவிலிருந்து இறங்கி ஓடி வந்தார். குட்டியைச் சுற்றியிருந்த துவாயைத் திறந்தால் கப்பித்தான் துணி போலக் கிடந்தது. கண் உள்ளே போயிருந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் அது அப்படியே நின்றது, பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. உடம்பில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். குட்டிகள் இந்த நிலையிலிருந்து மிக வேகமாகக் கைவிட்டுப் போய்விடும். டொக்ரர் உடனே சேலைன் ஏற்றினார். அந்தச் சிறிய காலில் நரம்பு தேடிப் பிடித்தது ஒரு பெரிய வேலை.

"நான் சொல்லும்வரை வாய்க்கு ஒண்டும் குடுக்கப்படாது. ஒரு துளியும் கூடாது" என்றார். அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் அடிபட்ட நாயொன்றைக் கொண்டு வந்தார்கள். "அக்கா, குட்டியைப் பாத்துக்கொள்ளுங்கோ. மூச்சு மாறினாக் கூப்பிடுங்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

நானும் அண்ணையும் குட்டியும். சேலைன் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது அவருடைய போன் அடித்தது. நாதஸ்வர இசை. அதுவரை கண்ணைக்கூடத் திறக்காத கப்பித்தான் தலையைத் தூக்கியது. முன்னங்கால்களை ஊன்றி எழும்பப் பார்த்தது. குழாய் இழுபட்டது. நான் பாய்ந்து குட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அது என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்து வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

திரும்பிப் பார்த்தால், அண்ணையின் ஒரு கை போனை எடுக்கிறது, மற்றக் கை பைக்குள் போய் ஒரு சிறிய ரின்னை எடுத்து மூடியைத் திறக்கிறது. உள்ளே அவித்த மீன். எடுக்கிறோம் என்று அவருக்கே தெரியாது. கை தானாகச் செய்தது.

போனில் பாடசாலை உடுப்போடு இரண்டு பிள்ளைகள். அவுஸ்திரேலியாவில் பள்ளிக்கூடம் விட்டு வந்த நேரம். உடைந்த தமிழில் இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"அம்மப்பா! கப்பி சாப்பிடு! கப்பி சாப்பிடு!"

அவர் விரலில் மீனைக் கிள்ளிவிட்டார். இரண்டே இரண்டு விரலால், சரியான அளவு.

அந்த ஒரு கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விடியக் கனடா எடுக்கும், அங்கே பிள்ளைகள் படுக்கப்போகும் நேரம். பிறகு அவுஸ்திரேலியா. பின்னேரம் திரும்பவும் கனடா, அங்கே விடிந்துவிடும். இரவில் லண்டன். இடையில் யாராவது ஒருவர் சும்மா எடுப்பார். ஒவ்வொரு தரமும் துளிதான். எவ்வளவு என்று மட்டுமே நாங்கள் கேட்டிருந்தோம். எப்போதெல்லாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கப்பித்தான் மூன்று நாட்டு நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

விளங்கியதெல்லாம் சரி. இப்போது என்ன செய்வது? கதவு சாத்தியிருக்கிறது. கத்திக் கூப்பிட்டால் உள்ளே நாயின் உயிரோடு விளையாட்டாகிவிடும். பேசாமல் இருந்தால் மீன் குட்டியின் வாய்க்குள் போய்விடும். "அண்ணை, குடுக்காதேங்கோ!" என்று அதட்டினால், கடலுக்கு அப்பாலிருந்து பார்க்கிற பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் அவருக்கு என்ன மரியாதை?

நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். அந்நிய ஆணின் கையைப் பிடித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பிறகு போனுக்குள் பார்த்துப் பேசினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"பிள்ளையள், கப்பித்தான்ரை காலிலை என்ன இருக்கு எண்டு சொல்லுங்கோ பாப்பம்?"

இருவரும் திரைக்கு அருகில் வந்தார்கள். "பைப்!"

"ஓம். இண்டைக்கு அவர் காலாலை சாப்பிடுறார்."

அவ்வளவுதான். சிரிப்பும் கேள்வியும் நிற்கவில்லை. ஏன் காலால்? வலிக்குமா? வால் ஆடுதா? மூக்கு ஈரமா? தாயும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தாள். நான் போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒவ்வொரு சொட்டாகக் காட்டிக்கொண்டிருந்தேன். போன் சூடாகும்வரை அவர்கள் வைக்கவில்லை. அண்ணை மீனைத் திரும்பவும் ரின்னுக்குள் போட்டு மூடிவிட்டு, குட்டியின் தலையைத் தடவியபடி இருந்தார்.

போன் வைத்த பிறகு நான் மெதுவாகக் கேட்டேன். "ஒவ்வொரு கோலுக்கும் குடுக்கிறனீங்களோ அண்ணை?"

அவர் ரின்னின் மூடியை இன்னும் இறுக்கினார். பிறகு அவர் சொன்னதுதான் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு.

"மனிசி இருக்கேக்கை போன் அவவுக்குத்தான் வரும். நான் பக்கத்திலை இருந்து ஓம் ஓம் எண்டுவன். அவ போனாப் பிறகு பிள்ளையள் எடுக்குங்கள். 'அப்பா சுகமோ?' 'ஓம்.' 'சாப்பிட்டியளோ?' 'ஓம்.' அதுக்கு மேலை எனக்கும் வராது, அதுகளுக்கும் வராது. 'சரியப்பா, வைக்கிறன்.' இவர் வந்தாப் பிறகுதான் பேரப்பிள்ளையள் போனுக்கு வருகுதுகள். இவர் சாப்பிடாட்டி நான் என்னத்தைக் காட்டுறது தங்கச்சி?"

"இண்டைக்கு அவர் சாப்பிடேல்லையே. பிள்ளையள் நிண்டினம்தானே?"

"இண்டைக்கு வருத்தம் எண்டு நிண்டுதுகள். நாளைக்கு?"

தரையைப் பார்த்தேன். நீங்களும் சில நேரங்களில் தரையைத்தான் பார்ப்பீர்கள், அதில் பிழையில்லை.

டொக்ரர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நாய் பிழைத்துவிட்டது. நான் அவரை ஒரு பக்கம் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "கோலுக்குக் குடுக்க வேண்டாம் எண்டு சொன்னா அந்த மனிசன் என்ன செய்வார்?" என்று கேட்டார். நானும் அதைத்தான் யோசித்தேன் என்றேன்.

அவர் அண்ணைக்குப் பக்கத்தில் போய் அமர்ந்தார். "ஐயா, இந்த வயதுக் குட்டி அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாய்ச் சாப்பிடுறது நல்லது. உங்கடை பிள்ளையள் எடுக்கிற நேரங்கள் அவருக்கு நல்ல வசதி. ஆனா எல்லாத்தையும் கூட்டினா அவர்ரை வயிறு தாங்காது. ஒரு முழு நாளைக்கு இவ்வளவுதான்" என்று, கப்பித்தானின் நிறைக்கு ஏற்ற அளவை ஒரு சின்னக் கோப்பையில் காட்டினார்.

அண்ணை கோப்பையைப் பார்த்தார். ஏதோ பழைய ஞாபகம் வந்தவர் போல முகம் தெளிந்தது.

"அட, உது கப்பல் கணக்கெல்லோ! துறையை விட்டு வெளிக்கிட்டாப் பிறகு கடை இல்லை டொக்ரர். காலமை அண்டைக்கான பங்கை எடுத்து வெளியிலை வைக்கிறது, மிச்சத்துக்குப் பூட்டு. பிறகு ஆர் எத்தினை தரம் வந்து கோப்பையை நீட்டினாலும் அதுக்குள்ளைதான். இதை முதலே சொல்லியிருக்கலாமே!"

முதலே சொல்ல எங்களுக்கும் தெரியவில்லை என்று டொக்ரர் ஒப்புக்கொண்டார்.

அடுத்த நாள் தொடக்கம் காலையில் ஒரு ரின். அதிலிருந்து கனடாவுக்குக் கொஞ்சம், அவுஸ்திரேலியாவுக்குக் கொஞ்சம், லண்டனுக்குக் கடைசித் துளி. ரின் முடிந்த பிறகு போன் வந்தால் வெறும் ரின்னைக் கவிழ்த்துக் காட்டுவாராம். "லங்கர் போட்டாச்சு, கப்பல் நிண்டிட்டுது, இனி விடியத்தான்" என்பாராம். லண்டன் பேரன் தன் பங்கையும் கனடாக்காரர் குட்டிக்குக் கொடுத்து முடித்துவிட்டார்கள் என்று சண்டை பிடித்ததாகவும் சொன்னார். வயிற்றோட்டம் நின்றது. கப்பித்தான் துள்ளத் தொடங்கியது.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு எழுத எளிதாக இருந்திருக்கும். கொஞ்சக் காலம் கழித்து, தடுப்பூசிக்காகக் குட்டியைக் கொண்டு வந்தார். உடம்பு நீண்டிருந்தது. மேசையில் விட்டதும் விலா எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. வயிறும் ஒட்டியிருந்தது. இந்தமுறை அசல் பட்டினி.

"என்ன குடுக்கிறியள் அண்ணை?"

"நீங்கள் சொன்ன ரின்தான். ஒரு பருக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை." பெருமையாகச் சொன்னார்.

"கப்பித்தான் வளர்ந்திட்டார். உங்கடை ரின் வளரேல்லையே அண்ணை."

அவர் திகைத்துப் போனார். "கப்பலிலை ஆக்கள் வளர்றேல்லைத் தங்கச்சி!"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பெரிய ரின் வாங்கினார். அதன் பிறகு மாதம் தவறாமல் குட்டியைக் கொண்டு வந்து நிறுக்கச் சொல்வார். நிறைக்கு ஏற்ப டொக்ரர் அளவைக் கூட்டினார். கப்பித்தான் முழுப் பூனையாகி வளர்த்தி நின்றபோது கூட்டுவதையும் நிறுத்தினார். ஆகவே தம்பி தங்கையரே, நீங்கள் சொல்லி அனுப்புகிற அளவு அன்றைய குட்டிக்குத்தான். குட்டி அன்றைய குட்டியாக நிற்காது. சொன்னதை அப்படியே கேட்கிற நல்ல மனிதர்களிடம் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அவர்களைத் திரும்பவும் வரச் சொல்லுங்கள். வந்தால் கையால் தடவிப் பாருங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர் அண்ணை கடைசியாக வந்தார். கப்பித்தானைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். தராசில் வைத்தோம். நல்ல நிறை. விலா கண்ணுக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிந்தது. பாட்டுக்கார உதவியாளர் இருந்திருந்தால் ஒரு சரணம் பாடியிருப்பார்.

அப்போது நாதஸ்வரம் ஒலித்தது. நான் பழக்கத்தில் பூனையைப் பிடிக்கப் போனேன். கப்பித்தான் ஒரு காதை மட்டும் திருப்பியது. பிறகு காலை நக்கத் தொடங்கியது.

"உவர் இப்ப போனுக்கு எழும்புறேல்லை. ரெண்டு நேரச் சாப்பாட்டோடை பெரிய மனிசராயிட்டார்" என்றார் அண்ணை. போனை எடுத்து, "இஞ்சை வெளியிலை நிக்கிறன் மோனை. பொறு, வீட்டை போய் எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

எனக்குப் பழைய பயம் வந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அப்ப பிள்ளையள்... எடுக்கினமோ அண்ணை?"

"எடுக்கினமோவோ! தொல்லை தாங்கேலாது." குரலைத் தாழ்த்தினார். "ஒருநாள் ரின்னைக் கவிழ்த்துக் காட்டேக்கை மகள் எனக்குப் பின்னாலை இருந்த மேசையைப் பாத்திட்டாள். கடைப் பாணும் சம்பலும். 'அப்பா, பூனைக்கு மீன் அவிக்கிறியள், உங்களுக்குப் பாணோ? சமைச்சுக் காட்டுங்கோ' எண்டு பிடிச்சிட்டாள். கப்பல் முழுக்கச் சமைச்சுப் போட்டவன், தனிய எனக்கெண்டு அடுப்பு மூட்டினதே இல்லைத் தங்கச்சி. இப்ப காலமை கனடாவுக்குப் புட்டுக் காட்டவேணும். மத்தியானம் அவளுக்கு மீன் குழம்பு, என்ன போட்டனீங்கள், எப்ப புளி விட்டனீங்கள் எண்டு அவளும் அங்கை சட்டியோடை நிக்கிறாள். இரவு லண்டன்காரன் கோப்பையைக் காட்டச் சொல்லுறான்."

ஒரு சொல்லில் பதில் சொல்கிற மனிதர் மூச்சு வாங்க நின்றார். பிறகு கப்பித்தானைத் தராசிலிருந்து இறக்கி என் கையில் தந்துவிட்டு, பக்கத்திலிருந்த பெரிய நாய்களை நிறுக்கும் தராசில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார்.

"என்னையும் ஒருக்கா நிறுத்துப் பார் தங்கச்சி. எனக்கும் இப்ப மூண்டு நாட்டுச் சாப்பாடு."